அக்காவிடம் அச்சு, என்னிடம் மா

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று சபையில் சொல்வார்கள். அது பொய். என் கோபம் மூக்கு நுனியில் நிற்பதே இல்லை, வந்த கையோடு வாயால் வெளியே போய்விடும். அப்படிப் போன ஒரே ஒரு வசனத்தைத் திருப்பி விழுங்க எனக்கு இரண்டு வருடமும் ஒரு பெரிய வியாழக்கிழமையும் பிடித்தன.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பேக்கரிப் பாணுக்குக் கியூ, மாவுக்குக் கியூ, சீனிக்குக் கியூ. எங்கள் வீடு திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தது. கப்பல் ஊதினால் அலுமாரிக்குள் கோப்பை அதிரும். என் கணவர் துறைமுகத்தில் கிளாக்கர். சண்டை என்று வந்தால் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிற நல்ல மனிதர். ஊரில் கத்தோலிக்கருக்குப் பெரிய கோயில் இருந்தது, மெதடிஸ்தருக்கு நல்ல கோயில் இருந்தது, லுத்தரன்மாரான எங்களுக்கு ஓடு போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. எல்லாருமாகச் சேர்ந்தால் ஐம்பது பேர். "லுத்தரன் எண்டால் என்ன?" என்று பஸ் தரிப்பில் யாராவது கேட்டால், நான் விளக்கி முடிக்க முதல் பஸ் வந்துவிடும்.

ஐம்பது பேர்தான் என்றாலும் எங்களிடம் ஒழுங்குக்குக் குறைவில்லை. பெரிய வெள்ளிக்கு முதல்நாள், பெரிய வியாழக்கிழமை பின்னேரம் இராப்போசன ஆராதனை. அதில் அப்பமும் திராட்சை ரசமும் வாங்க விரும்புகிறவர்கள் செவ்வாய்க்கிழமைக்குள் போதகர் வீட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுப்பது என்றால் சும்மா எழுதிவிட்டு வருவது இல்லை. "ஆரோடையும் மனத்தாங்கல் இருக்கோ?" என்று போதகர் கேட்பார். இல்லை என்றால்தான் பேனை திறக்கும். வியாழக்கிழமை சபை மூப்பர் அந்தப் பட்டியலை எட்டு எட்டுப் பேராக வாசிப்பார். ஒவ்வோர் எட்டுப் பேரும் ஒரு மேசை. எழும்பிப் போய்ப் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்பார்கள். பெயர் வாசிக்கப்படாதவர்கள் மர வாங்கிலேயே இருக்க வேண்டியதுதான்.

பழைய போதகருக்குக் காது மந்தம். நாங்கள் என்ன பதில் சொன்னாலும் "நல்லது, நல்லது" என்று எழுதிவிடுவார். சபையில் பாதிப் பேர் மற்றப் பாதியோடு கோபமாக இருந்த வருடத்திலும் எல்லாரும் இராப்போசனம் வாங்கினோம். அவர் போன பிறகு வந்தவர் மலைநாட்டுப் பொடியன். இருபத்தேழு வயது, கலியாணம் ஆகவில்லை, எங்களைக் கண்டாலே கொஞ்சம் பயம். ஆனால் கேள்வி கேட்டால் பதிலைக் காது கொடுத்துக் கேட்டார். அதுதான் தொல்லையாகப் போனது.

வந்த முதல் வருடமே என்னிடம் கேட்டார்.

"அக்காவோட பேசுறீங்களா?"

"அவ என்னோட கதைக்கட்டும், நான் கதைக்கிறன்" என்றேன்.

பேனையை மூடினார்.

அந்த வியாழக்கிழமை, வெள்ளைச் சேலையைக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு, வாங்கின் ஓரத்தில் இருந்தேன். உள்ளே இருந்தவர்கள் என் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போது ஒவ்வொருவரும் "சொறி" என்று இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டார்கள். திரும்பி வரும்போதும் "சொறி" என்றார்கள். என் கணவரும் சொன்னார், அந்த மனிசனை என்ன செய்ய? அக்கா முன்னால் ஹார்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தாள். ஹார்மோனியக்காரி எப்போதும் கடைசி மேசையில்தான் போவாள். அவள் போகிறாளா இல்லையா என்று பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. மூன்றாம் மேசையோடு எழும்பி வீட்டுக்கு வந்து, சேலையைக் கழற்றி எறிந்துவிட்டு, விழுந்து படுத்து அழுதேன். இன்னொரு வருடம் அந்த வாங்கில் அப்படி இருக்க என்னால் ஏலாது என்று அப்போதே முடிவெடுத்தேன். ஆனால் அக்காவிடம் போய்க் கதைக்கிறதா? சீ, அது வேறு கதை.

சண்டை ஓர் இரும்பால் வந்தது. எங்கள் அம்மா அந்தக் காலத்தில் சபைக்கு அப்பம் சுட்டுக் கொடுத்தவர். இராப்போசன அப்பம் என்றால் கடையில் விற்கிற அப்பம் இல்லை. புளிக்காத மாவில், காகிதம் போல மெல்லிசாக, ஒரு சதத்துக் காசளவில் வட்டமாகச் சுடுவது. அதற்கு ஓர் அச்சு இருந்தது. குறடு போலத் திறந்து மூடும் இரண்டு இரும்புத் தட்டுகள், முழ நீளக் கைபிடி, தட்டின் உள்ளே நான்கு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிலுவை. உலக யுத்த காலத்தில் கப்பல் வராதபோது அம்மா அதில் சுட்டார். பிறகு வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக அப்பம் வரத் தொடங்கியது, அச்சு குசினிச் சுவரில் ஆணியில் தொங்கியது. இருபது வருடம் அதை யாரும் தொடவில்லை.

அம்மா இறந்து முப்பத்தோராம் நாள் செபம். சபை முழுக்க வீட்டில். சாப்பாடு முடிந்து தேத்தண்ணி குடிக்கும் நேரம், அக்கா போய் அச்சைக் கழற்றினாள்.

"நான்தானே மூத்தவள்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று மா கரைத்துக் கொடுத்தவள் நான். அக்கா குசினிப் பக்கமே வருவதில்லை. அவளுக்கு விரல் எல்லாம் ஹார்மோனியத்துக்குத்தான்.

"சுடுதண்ணியையே அடிப்பிடிக்க வைக்கிறவளுக்கு அச்சு என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

ஐம்பது பேரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அச்சைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போனாள். அதோடு எங்களுக்குள் கதை பேச்சு நின்றது. இரண்டு வருடம், இரண்டு ஒழுங்கை தூரத்தில் இருந்துகொண்டு, சந்தையில் ஒரே மீன்காரனிடம் மீன் வாங்கிக்கொண்டு, ஒரு சொல் இல்லை. நான் அவளை அக்கா என்று சொல்வதையும் விட்டேன். "அவ" என்பேன். அவள் என்னை "அந்த வீட்டுக்காரி" என்பாளாம்.

நான் வாங்கில் இருந்ததற்கு அடுத்த வருடம் தவசு காலம் பாதி போனபோது போதகர் ஆராதனை முடிவில் அறிவித்தார். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் அப்பப் பெட்டி வராது. ரசம் மட்டும் பழையது இரண்டு போத்தல் இருக்கிறது. அதைப் பூட்டி வைத்த அலுமாரியின் திறப்பு மூப்பரின் இடுப்பில் பத்திரமாக இருந்தது.

"பாண் வச்சுக் குடுக்கலாமே" என்றார் போதகர்.

மூப்பர் எழும்பினார். "பாணோ? கியூவில நிண்டு இடிபட்டு, கெட்ட வார்த்தை கேட்டு வாங்கின பாணையோ பீடத்தில வைக்கப் போறியள்?"

சபை அவர் பக்கம். எல்லாத் தலையும் முதலில் அக்காவைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

அந்தக் கிழமையே அக்கா தனியாகச் சுட்டாள். எனக்கு அடுத்த வீட்டுக்காரி வந்து சொன்னாள். ஒரு தகரப் பேணி மா முழுக்கப் போய்விட்டதாம். அச்சில் ஒட்டினதைக் கத்தியால் சுரண்டி எடுத்து வளவுக்குள் எறிந்தாளாம். எங்கள் ஊர்த் தெருவில் திரியும் மான்கள் உங்களுக்குத் தெரியும்தானே, பத்திரிகையைக் கூட விடாமல் தின்பவை. ஒரு மான் வந்து மூக்கை வைத்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாம். நான் அன்று இரண்டு தரம் சிரித்தேன், ஒருதரம் கேட்டபோது, ஒருதரம் நினைத்தபோது.

சிரித்தவள் நான் என்ன கிழித்தேன்? என்னிடம் அச்சு இல்லை. தோசைக் கல்லில் ஊற்றி, முள்ளுக் கரண்டியால் சிலுவை கீறிப் பார்த்தேன். பொங்கிப் பொங்கி எழும்பியது. என் கணவர் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"சோத்தோட நல்லாயிருக்கும். பொரிச்சால் அப்பளம்தான்" என்றார்.

மிச்சம் என்னிடம் ஒரு பேணி மா இருந்தது. கூட்டுறவுக் கடையில் இனி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை வந்தது. நான் பெயர் கொடுக்கப் போகவில்லை. போனால் அதே கேள்வி, அதே பதில். புதன்கிழமை போதகர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"சின்னக்கா, பெரியக்காகிட்ட அச்சு இருக்கு. உங்ககிட்ட மாவு இருக்கு. நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் நம்ம குசினிக்கு வாங்க. பேச வேணாம். சுட்டாப் போதும்."

"அவ வாறாவோ?"

"நீங்க வந்தா வாறாங்களாம்."

"அவ வந்தால் நான் வாறன் எண்டு சொல்லுங்கோ."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்குமாக மூன்று தரம் ஓடினார். பாவம், பங்குனி வெயில்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு நான் மாப் பேணியோடு போனபோது அக்கா அடுப்பு மூட்டி அச்சோடு நின்றாள். மெலிந்திருந்தாள். நெற்றியில் நரை வந்திருந்தது, நான் அதைக் காணாதவள் போல அடுப்பைப் பார்த்தேன். போதகர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

"ஐயா, அச்சுக்குத் தேன்மெழுகு பூசச் சொல்லுங்கோ" என்றேன் நான்.

"பெரியக்கா, மெழுகு பூசணுமாம்."

"எண்ணெய் பூசினால் என்ன குறையாம் எண்டு கேளுங்கோ ஐயா."

"சின்னக்கா, எண்ணெய் பூசுனா என்னன்னு கேக்கிறாங்க."

"போன முறை மான் திண்டதோ எண்டு கேளுங்கோ."

போதகர் ஓரடி பின்னால் போனார். "அத நான் கேக்க மாட்டேன்" என்றார்.

கேட்கத் தேவையில்லை. அக்காவின் காது சிவந்துவிட்டது. ஆனால் மெழுகை எடுத்துப் பூசினாள். நான் மா கரைத்தேன். உப்பில்லை, ஒன்றுமில்லை, விரலை முக்கித் தூக்கினால் நூல் போல வடிய வேண்டும். அந்த நேரம் மூப்பர் வாசலில் வந்து நின்று, பீடத்து விரிப்பைக் காணவில்லை என்று கத்தினார். போதகர் அவ்வளவு சந்தோஷமாக ஓடினதை நான் அதற்கு முன்னும் பின்னும் காணவில்லை.

இப்போது குசினியில் நாங்கள் இரண்டு பேர், ஓர் அடுப்பு, ஓர் அச்சு. யாரூடாகக் கதைப்பது? நான் ஊற்றினேன். அவள் அச்சை மூடி நெருப்பில் பிடித்தாள். அம்மா ஒரு பரமண்டல செபம் சொல்லி முடிக்கிற நேரம்தான் பிடிப்பார். அக்கா செபம் இரண்டு முடிந்தும் பிடித்துக்கொண்டே நின்றாள். ஓரத்தால் புகை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். இருப்பதே ஒரு பேணி மா.

"அக்கா, கருகுது!"

"எனக்குக் கண் இருக்கு" என்றாள்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு நாங்கள் கதைத்த முதல் கதை அது.

அச்சைத் திறந்தாள். மூன்று நொறுங்கிப் போயின. ஒன்று முழுசாக வந்தது, கறுத்து, சிலுவை மட்டும் வெள்ளையாக. எறியப் போனேன். கையைப் பிடித்தாள்.

"அம்மா ஒண்டையும் எறியிறதில்லை. பெட்டிக்குள்ள அடியில வை."

"ஆருக்கு?"

"கடைசியா வாறவளுக்கு. நான்தானே கடைசி."

பிறகு "ஊத்து", "எடு", "மெழுகு" என்று கதை ஓடியது. நாலாவது ஊற்றில் அது உண்மையான சண்டையாகிவிட்டது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் எத்தனை நாள் நின்றது, யார் யாருக்குச் சோறு கொண்டுபோனது, எல்லாம் வந்தது. "சபை முழுக்கச் சிரிக்கச் சொன்னனி. நான் அண்டைக்கு ரோட்டால அழுதுகொண்டு போனனான்" என்றாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாய் வரை வந்ததுதான். ஆனால் என் வாய்க்குக் கோபம் வெளியே போகத்தான் பழக்கம். "இன்னும் ஏழு ஊத்து இருக்கு, அச்சைக் காய வை" என்றேன்.

போதகர் திரும்பி வந்து கதவோரம் நின்றார்.

"என்ன சத்தம்? சண்டையா?"

"ஓம்" என்றோம் இரண்டு பேரும்.

"நேரடியாவா?"

"ஓம்."

அவர் கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்றார்.

பட்டியலில் தன்னோடு நாற்பத்து நாலு பேர் என்று போதகர் சொல்லியிருந்தார். கருகின ஊற்றை விட்டால் பதினொரு ஊற்று, நாலு நாலாக நாற்பத்து நாலு அப்பம், அம்மா சுட்டது போலவே. அத்தோடு பேணியைத் தட்டினாலும் மா இல்லை. அடியில் அந்தக் கருகினது ஒன்று. நான் வீட்டுக்கு ஓடி, குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, நிமிர்ந்துகொண்டு கோயிலுக்குப் போனேன். இந்த வருடம் யார் எனக்குச் சொறி சொல்கிறார்கள் பார்ப்போம்!

மூப்பர் முதல் மேசைக்குப் பெயர் வாசித்தார். என் கணவர் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. சரி, அடுத்தது. இரண்டாம் மேசையிலும் இல்லை. மூன்றாம் மேசை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஐயோ, நான் பெயர் கொடுக்கவே இல்லையே! போதகர் சொன்ன தொகைக்கு அப்பத்தை எண்ணிச் சுட்டவள் நான். அந்த எண்ணிக்கைக்குள் நான் இல்லை. எழும்பிப் போனால் யாரோ ஒருவருக்கு இல்லாமல் போகும். காலைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். "சொறி" என்றார்கள். "சொறி", "சொறி". வந்த ஆத்திரத்துக்கு எல்லாரையும் கிள்ளலாம் போல இருந்தது. கண்ணும் நிறைந்துவிட்டது.

கடைசி மேசை. மூப்பர் வாசித்தார். வழக்கமாகக் கடைசிப் பெயர் அக்காவுடையது. மூப்பர் வாசித்து முடித்துக் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அக்காவின் பெயர் இல்லை.

அக்கா தலையைக் குனிந்து ஹார்மோனியத்தை வாசித்துக்கொண்டே இருந்தாள். அவளும் பெயர் கொடுக்கவில்லை. போன வருடமும் கொடுத்திருக்க மாட்டாள். நான் வாங்கில் இருந்து வெந்த அதே நேரம் அவள் ஹார்மோனியத்துக்குப் பின்னால் இருந்து வெந்திருக்கிறாள். கருகின அப்பத்தை ஏன் பெட்டிக்குள் வைக்கச் சொன்னாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. தனக்கு நல்ல அப்பம் ஒன்று இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் இல்லை என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

கடைசி மேசையும் வாங்கிவிட்டுத் திரும்பியதும் போதகர் தட்டைப் பார்த்தார். அதில் கறுப்பாக ஒன்று கிடந்தது. என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். மூப்பர் இருமினார். போதகர் அவரைக் கவனிக்கவில்லை.

"பெரியக்கா, சின்னக்கா, வாங்க" என்றார்.

ஹார்மோனியம் நின்றது. நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்றோம். தோளும் தோளும் முட்டின. அப்பத்தை இரண்டாக முறித்தார். காய்ந்த சுள்ளி முறிவது போலச் சத்தம் கேட்டது. அக்காவுக்குப் பாதி, எனக்குப் பாதி. நல்ல அப்பம் என்றால் நாக்கில் வைத்ததும் கரைந்துவிடும், கடிப்பது மரியாதை இல்லை என்று சிறுவயதிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். இது கரையுமா? அச்சில் இரும்பாகிப் போனது. ஹார்மோனியமும் இல்லாத அந்த அமைதியில் அக்கா கடித்தாள். கறுக். வேறு வழியில்லை, நானும் கடித்தேன். கறுக். பின்வரிசை வாங்கில் யாரோ மூச்சைப் பிடித்தார்கள். அக்காவின் தோள் குலுங்கத் தொடங்கியது. எனக்கும் வந்துவிட்டது. கர்த்தருடைய பந்தியில் சிரிக்கக் கூடாது என்று கண்ணை இறுக்கி மூடினேன், கண்ணீர் வழிந்தது, அழுகிறேன் என்று சபை நினைத்தது. கொஞ்சம் அழுதேன்தான். ஒரே கிண்ணத்தில் முதலில் அக்கா குடித்தாள், பிறகு நான்.

பெரிய வியாழக்கிழமை ஆராதனை முடிவில் பாட்டு இல்லை. பீடத்து விரிப்பையும் மெழுகுதிரியையும் சிலுவையையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்த பிறகு எல்லாரும் பேசாமல் கலைந்து போக வேண்டும். போனோம். மதிலடியில் அக்கா எனக்காக நின்றாள், இடுப்பில் அச்சு. ஒழுங்கையால் சேர்ந்து நடந்தோம். துறைமுகத்தில் கப்பல் ஒன்று ஊதியது. அவள் வீட்டு வாசல் வந்ததும் படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள வா, தேத்தண்ணி குடிப்பம். நீயே போடு. எனக்குச் சுடுதண்ணியும் வைக்கத் தெரியாதே."

இரண்டு வருடமாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது.

"நான் சொன்னது பிழை அக்கா."

"பிழையில்லையடி" என்றாள். "எனக்குச் சுடத் தெரியாதுதான். ஆக்களுக்கு முன்னால சொன்னியே, அதுதான் பிழை."

நான் உள்ளே போய் அடுப்பில் தண்ணி வைத்தேன்.